போர்க்காலக் கொடுமைகளுக்குப் பன்னாட்டுப் பொறுப்புக்கூறல்: மதுரைப் பகுதி முகாம்களில் சாட்சியம் எழுதுவோருக்கான முழுமையான வழிகாட்டி

மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகும், 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோதும், பின்னர் 2006 முதலும் அலை அலையாகப் படகேறி வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இவற்றில் வாழ்கிறார்கள். போர்க்குற்றம் என்றவுடன் நமக்கு 2009 மே மாதமும் முள்ளிவாய்க்காலும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இந்த முகாம்களில் இருக்கும் முதியவர்களின் நினைவில் இருப்பது பெரும்பாலும் அதற்கு முந்தைய காலம். அந்தக் காலத்தை நேரில் கண்டவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள்.

முகாம்களில் வாக்குமூலம் எழுதித் தர முன்வரும் சட்ட மாணவர்கள், ஆசிரியர்கள், முகாமிலேயே பிறந்து வளர்ந்து பட்டம் பெற்ற இளைஞர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். சில ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருவதால், நான் செய்த தவறுகளும் இடையிடையே வரும். மதுரையில் நீதியைப் பற்றிப் பேச எழுந்தால் சிலம்பை உடைத்த கதையில் தொடங்குவது வழக்கம். உடைத்த கணத்திலேயே தீர்ப்புக் கிடைத்த வழக்கு அது ஒன்றுதான் என்பதால், நாம் வேறிடத்தில் தொடங்குவோம்.

முதல் படி: எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுதல்

சாட்சியின் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவதற்கு முன், "இதை எழுதினால் என்ன நடக்கும்?" என்ற கேள்விக்கு நேர்மையான பதில் நம் கையில் இருக்க வேண்டும். "ஹேக்குக்கு அனுப்புகிறோம்" என்று சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொல்வது பெரும்பாலும் பொய்யாகவே முடியும்.

தி ஹேக் நகரில் உள்ள பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம், 1998இல் ஏற்கப்பட்ட ரோம் சாசனத்தின்படி 2002 ஜூலை 1 முதல் இயங்குகிறது. அந்தத் தேதிக்கு முன் நடந்த எதையும் அது விசாரிக்க முடியாது. இலங்கையும் இந்தியாவும் அந்தச் சாசனத்தில் சேரவில்லை. சேராத நாட்டில் நடந்த குற்றத்தை ஐ.நா. பாதுகாப்பு அவை பரிந்துரைத்தால் அந்த நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். 2005இல் சூடானின் டார்ஃபூர் பகுதியும் 2011இல் லிபியாவும் அப்படிப் போயின. 2014இல் சிரியாவுக்காகக் கொண்டுவந்த தீர்மானத்தை ரஷ்யாவும் சீனாவும் தடுத்துவிட்டன. இன்னொரு வழியும் உண்டு. மியான்மர் சாசனத்தில் சேராத நாடு என்றாலும், ரோஹிங்கியா மக்கள் விரட்டப்பட்டு வந்து சேர்ந்த வங்கதேசம் உறுப்பு நாடு என்பதால், நாடு கடத்திய குற்றத்தின் ஒரு பகுதி அங்கே நிகழ்ந்ததாகக் கொண்டு விசாரிக்கலாம் என 2018இல் அந்த நீதிமன்றம் முடிவு செய்தது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்தவர்களுக்கும் இது பொருந்தாதா என்று ஒரு சட்ட மாணவி என்னிடம் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் வந்து சேர்ந்த கரையும் உறுப்பு நாட்டினுடையதாக இருக்க வேண்டும், இந்தியா அப்படியல்ல.

அதே நகரில் உள்ள பன்னாட்டு நீதிமன்றம் நாடுகளுக்கு இடையிலான வழக்குகளை மட்டுமே கேட்கும். 2019இல் மியான்மருக்கு எதிராக இனப்படுகொலை வழக்குத் தொடுத்தது காம்பியா என்ற நாடு. தனி மனிதருக்கு அங்கே வாசல் இல்லை.

இந்திய நீதிமன்றங்களைப் பற்றியும் கேட்பார்கள். 1960ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் நம்மிடம் இருக்கிறது. ஆனால் அதன் கீழான குற்றத்தை அரசோ அரசு அதிகாரியோ முறையிட்டால்தான் நீதிமன்றம் கையில் எடுக்க முடியும். உள்நாட்டுப் போர்களுக்கு அச்சட்டத்தின் தண்டனைப் பிரிவு எட்டுமா என்பதிலேயே பெரிய சிக்கல் இருக்கிறது.

திறந்திருக்கும் கதவுகளுக்கு இப்போது வருவோம். முதலாவது, ஜெனீவாவில் உள்ள ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம். 2021 மார்ச்சில் மனித உரிமைப் பேரவை நிறைவேற்றிய 46/1 தீர்மானம், இலங்கை தொடர்பான தகவல்களையும் ஆதாரங்களையும் திரட்டவும், ஆராயவும், பாதுகாக்கவும், உரிய அதிகார வரம்புள்ள நாடுகளில் நடக்கும் வழக்குகளுக்கு உதவவும் அந்த அலுவலகத்துக்குப் பொறுப்பளித்தது. 22 நாடுகள் ஆதரித்தன, 11 எதிர்த்தன, இந்தியா உட்பட 14 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. அந்தப் பணி 2022இலும் 2024இலும் 2025இலும் நீட்டிக்கப்பட்டது. இதற்கு முன் அதே அலுவலகம் நடத்தி 2015 செப்டம்பரில் வெளியிட்ட விசாரணை, 2002 பிப்ரவரி முதல் 2011 நவம்பர் வரையிலான காலத்தை மட்டுமே எடுத்துக்கொண்டது. 46/1 தீர்மானத்தில் அப்படியொரு கால எல்லை இல்லை. 1985இல் தகப்பனை இழந்தவருக்கும் இதில் இடமுண்டு என்பதே நமக்கு முக்கியம்.

இரண்டாவது, காணாமல் ஆக்கப்பட்டோர் தொடர்பாக ஐ.நா. 1980இல் அமைத்த பணிக்குழு. அது யாரையும் தண்டிக்காது. காணாமல் ஆக்கப்பட்டவரின் கதி என்ன என்று அந்த நாட்டு அரசிடம் கேட்டுக்கொண்டே இருக்கும். உள்நாட்டு நீதிமன்றங்களுக்கு எல்லாம் போய் முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்ற நிபந்தனை இங்கே இல்லை. பெயர், தேதி, இடம், கொண்டுபோனவர்கள் யார் என்று நம்பப்படுகிறது, தேடுவதற்குக் குடும்பம் என்ன செய்தது என்பவையும், குடும்பத்தாரின் சம்மதமும் இருந்தால் போதும்.

மூன்றாவது, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் விசாரிக்கும் அதிகாரத்தைத் தம் சட்டத்தில் எழுதி வைத்துள்ள நாடுகள். 2022 ஜனவரியில் ஜெர்மனியின் கோப்ளென்ஸ் நகர நீதிமன்றம், சிரிய உளவுத்துறையில் அதிகாரியாக இருந்த அன்வர் ரஸ்லானுக்கு ஆயுள் தண்டனை விதித்தது; அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களில் பலர் ஐரோப்பாவில் அகதிகளாக இருந்த சிரியர்கள்.

நான்காவது, வழக்கு இல்லாமலேயே விதிக்கப்படும் தடைகள். 2025 மார்ச்சில் பிரிட்டன் சவேந்திர சில்வா, வசந்த கரன்னகொட, ஜகத் ஜயசூரிய ஆகிய முன்னாள் படைத் தளபதிகள் மூவர் மீதும், விடுதலைப் புலிகளின் தளபதியாக இருந்து பிரிந்து சென்ற கருணா மீதும் பயணத் தடையும் சொத்து முடக்கமும் விதித்தது.

இவை எதுவும் விரைவானவை அல்ல. சாட் நாட்டை 1982 முதல் 1990 வரை ஆண்ட ஹிசென் ஹாப்ரேவுக்கு செனகல் நாட்டில் தீர்ப்பு வந்தது 2016இல். ஹாப்ரே ஆட்சி கவிழ்ந்தபோது சிறையிலிருந்து உயிரோடு வெளியே வந்த சுலைமான் கெங்கெங் என்பவர், தம்மைப் போன்ற 700க்கும் மேற்பட்டவர்களின் வாக்குமூலங்களைத் திரட்டி, எந்த நீதிமன்றமும் கேட்காத காலத்தில் ஆண்டுக்கணக்காக வீட்டில் மறைத்து வைத்திருந்தார். எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று தெரியாத நிலையில், கதவு திறக்கும் நாளில் தாள் கையில் இருக்க வேண்டும் என்பதற்காகவே நாம் எழுதுகிறோம். சாட்சியிடம் இதையே சொல்லுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம்.

இரண்டாம் படி: பேனாவை எடுப்பதற்கு முன் பாதுகாப்பும் சம்மதமும்

இதை அவசரமாகக் கடந்துவிடுகிறவர்களே அதிகம். விடுதலைப் புலிகள் இயக்கம் 1992 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. "நானும் கொஞ்ச நாள் இயக்கத்திலை இருந்தனான்" என்று ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னதை நீங்கள் எழுதிவிட்டால், அந்தத் தாள் நாளை அவருக்கே எதிராகத் திரும்பக்கூடும். முகாம்களுக்குத் தமிழ்நாடு காவல்துறையின் உளவுப் பிரிவான க்யூ பிரிவுப் போலீசாரின் வருகை வழக்கமானது. ஆகவே அப்படியொரு பேச்சு வரும் என்று தெரிந்தால் எழுதுவதை நிறுத்திவிட்டு, முதலில் வழக்கறிஞர் ஒருவரைப் பார்க்கச் செய்ய வேண்டும். மனித உரிமை ஆவணமாக்கலில் நீண்ட அனுபவமுள்ள மக்கள் கண்காணிப்பகம் மதுரையிலேயே இருக்கிறது. உயர் நீதிமன்றக் கிளையும் 2004 முதல் இங்கே இயங்குகிறது. ஆலோசனைக்கு ஆள் கிடைக்காத ஊர் அல்ல இது.

இலங்கையில் இன்னும் உறவினர்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். 1979இல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நினைவு அங்குள்ளவர்களுக்கு ஆறவில்லை. பிறகு சம்மதத்தைத் தனித்தனிக் கேள்விகளாகப் பெறுங்கள். எழுதி நாமே வைத்திருக்கலாமா? ஐ.நா. அலுவலகத்துக்கு அனுப்பலாமா? பெயரோடா, பெயர் மறைத்தா? வேறொரு நாட்டின் வழக்கறிஞர்கள் கேட்டால் கொடுக்கலாமா? அவர் காலமான பிறகும் பயன்படுத்தலாமா? "எல்லாத்துக்கும் ஓம்" என்று அவர் சொன்னாலும் ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்டு, தனியாகக் கையொப்பமோ கைநாட்டோ வாங்குங்கள்.

பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவர்களிடமும், சம்பவத்தின்போது குழந்தையாக இருந்தவர்களிடமும் பயிற்சியில்லாதவர் விவரம் கேட்கக்கூடாது. நடந்தது என்ற குறிப்போடு நிறுத்திக்கொண்டு, பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைப்பதே முறை.

மூன்றாம் படி: கேட்பதும் எழுதுவதும்

இந்த வேலையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. இருவரும் தமிழர்கள், ஆகவே மொழிச் சிக்கல் வராது என்று நினைத்துத்தான் நானும் தொடங்கினேன். முதல் வாக்குமூலத்திலேயே அது பொய்த்தது. ஈழத்துப் பேச்சில் "கிழமை" என்றால் வாரம். "அடுத்த கிழமை ஆமி (ராணுவம்) வந்தது" என்று அந்த அம்மா சொன்னதை நான் மறுநாள் என்று எழுதி வைத்தேன்; ஆறு நாள் காணாமல் போனது. "பின்னேரம்" என்பது பிறகு என்பதல்ல, பிற்பகலுக்கும் அந்திக்கும் இடைப்பட்ட பொழுது. "இரண்டு கட்டை" என்றால் இரண்டு மைல். "மச்சான்" என்பவர் மனைவியின் சகோதரரா, மாமன் மகனா, கூடப் பழகிய நண்பரா என்பது தெளிவாக வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவருக்காக யார் மனுச் செய்யலாம் என்பதற்கு உறவுமுறை முக்கியம்.

"இயக்கம்" என்ற சொல்லையும் அப்படியே விட்டுவிடக்கூடாது. 1980களில் புலிகள், டெலோ, புளொட், ஈ.பி.ஆர்.எல்.எஃப்., ஈரோஸ் எனப் பல இயக்கங்கள் இருந்தன. "ஆமி" என்றாலும் எந்த ஆமி என்று கேட்க வேண்டும். 1987 முதல் 1990 வரை அங்கே இந்திய அமைதிப்படையும் இருந்தது. இந்தக் கேள்வியைக் கேட்கும்போது நம் தொண்டர்களில் சிலருக்குக் குரல் தாழ்ந்துவிடுகிறது. தாழ வேண்டியதில்லை. இந்தியப் படை செய்தது, இலங்கைப் படை செய்தது, புலிகள் செய்தது, மாற்று இயக்கங்கள் செய்தது எல்லாவற்றுக்கும் ஒரே நோட்டு, ஒரே கேள்விகள். 1990 அக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பத்தின் சாட்சியமும், ஷெல் விழுந்து பிள்ளையை இழந்த தாயின் சாட்சியமும் ஒரே கவனத்தோடு எழுதப்பட வேண்டும். ஒரு தரப்பை மட்டும் எழுதும் தொகுப்பை ஜெனீவாவில் இருப்பவர்கள் இரண்டே பக்கத்தில் அடையாளம் கண்டுகொள்வார்கள். அதற்குப் பிறகு மற்றப் பக்கங்களையும் நம்பத் தயங்குவார்கள்.

கேள்விக்குள் பதிலை வைக்காதீர்கள். "ராணுவம்தானே சுட்டது?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் வரும். "யார் சுட்டார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால், சத்தம் வந்த திசை, உடுப்பின் நிறம், பேசிய மொழி, வந்த வாகனம் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். கண்ணால் கண்டது, காதால் கேட்டது, பிறர் சொல்லித் தெரிந்தது ஆகிய மூன்றையும் வெவ்வேறாகக் காட்டுங்கள். தேதி நினைவில்லை என்றால் ஊகித்து எழுதாமல், அவர் எதை வைத்து நினைவில் கொண்டிருக்கிறாரோ அதையே எழுதுங்கள்: தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முன், பிள்ளைக்குப் பெயர் வைத்த மாதம், மடு மாதா கோயில் திருவிழா முடிந்து கூட்டம் கலைந்த சமயம். நாட்காட்டியைப் பார்த்துத் தேதியைப் பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

கொடுமை நடந்தது என்பதை நிறுவுவதைவிட, அதற்கு மேலிடத்தில் பொறுப்பானவர் யார் என்று இணைப்பதிலேயே போர்க்குற்ற வழக்குகள் பெரும்பாலும் தடுமாறுகின்றன. கீழே இருப்பவர்கள் செய்வதை அறிந்தோ, அறிய வேண்டிய நிலையில் இருந்தோ தடுக்காத தளபதியும் பொறுப்பாளி என்பது சட்டம். ஆகவே தோளில் இருந்த பட்டை, வாகனத்தின் எண், முகாமின் பெயர், "சேர்" என்று அழைக்கப்பட்டவரின் தோற்றம், வயர்லெஸ்ஸில் காதில் விழுந்த பெயர் போன்றவற்றைச் சாட்சி அற்பமாக நினைத்துத் தாண்டிப் போனாலும் நாம் தாண்டக்கூடாது.

எழுதும்போது அவர் சொல்லையே எழுதுங்கள். ஒருமுறை இரண்டு பேரின் வாக்குமூலங்களை நீதிமன்றத்தின் பக்கமிருந்த ஒரு டைப்பிங் கடையில் கொடுத்தோம். தட்டச்சுக்காரர் நல்ல மனத்தோடு தாமே திருத்தி, இரண்டிலும் "மேற்படி இராணுவத்தினர் காட்டுமிராண்டித்தனமாகத் தாக்குதல் நடத்தினார்கள்" என்று ஒரே வரியைப் போட்டிருந்தார். ஒருவர் சொன்னது "வெடிச் சத்தம் கேட்டுது, ஓடினனாங்கள்" என்பது மட்டுமே. அவர் தாக்குதலையே பார்க்கவில்லை. இரண்டு சாட்சிகளின் வாயில் ஒரே வாசகம் வந்தால் எவரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்றுதான் படிப்பவர் முடிவு செய்வார். அன்று முதல் கையெழுத்துப் பிரதியைத்தான் மூலமாக வைக்கிறோம். முடிந்ததும் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டி, அவர் திருத்தச் சொன்ன இடத்தை அடித்துத் திருத்தி, அங்கேயே சுருக்கொப்பம் வாங்குகிறோம். நோட்டரி முத்திரை இருந்தால் நல்லதுதான், இல்லாவிட்டால் ஐ.நா. அலுவலகம் திருப்பி அனுப்பாது.

நான்காம் படி: தாள்களும் கைப்பேசியும்

பெட்டியின் அடியில் பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கும் தாள்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்: இலங்கை அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், கிராம சேவகர் (அங்குள்ள கிராம அலுவலர்) கடிதம், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த சீட்டு, மண்டபம் முகாமில் பதிந்த முதல் தாள். 1990இல் கொண்டுபோகப்பட்ட கணவருக்காக எழுதிக் கொடுக்கப்பட்ட கிராம சேவகர் கடிதத்தை ஒரு மூதாட்டி எடுத்து வந்தார். பளபளவென்று லேமினேட் செய்யப்பட்டிருந்தது. சூட்டில் நீல மை பரவி, முத்திரையின் பாதி எழுத்துகள் ஊதா மேகமாகியிருந்தன. நான் ஒன்றும் சொல்வதற்குள், "தம்பி, மழையிலை நனைஞ்சிடும் எண்டுதான் போட்டுவிச்சனான்" என்றார். ஓலைக் கொட்டகையில் இருந்த காலத்தில் அது சரியான யோசனைதான், அம்மா என்றேன். லேமினேட் செய்த தாளில் மையையும் காகிதத்தையும் தடயவியலாளர் சோதிப்பது கடினம். ஆனால் உறையைப் பிரிக்க முயன்றால் மிஞ்சியதும் போய்விடும், ஆகவே அப்படியே விட்டுவிடுங்கள். லேமினேட் ஆகாத தாள்களை அமிலமற்ற உறையிலோ, அது கிடைக்காவிட்டால் சுத்தமான வெள்ளைத் தாள் மடிப்பிலோ வையுங்கள். செல்லோடேப், ஸ்டேப்ளர் வேண்டாம். மூலத்தை நீங்கள் எடுத்துப் போகாதீர்கள். இரு பக்கமும் ஸ்கேன் செய்துகொண்டு அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

கைப்பேசியில் உள்ள படமும் வீடியோவும் வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பப்பட்டால், கோப்பு சுருங்குவதோடு, எடுத்த நேரமும் இடமும் போன்ற உள்குறிப்புகளும் அழிந்துவிடும். கேபிள் மூலம் நேரடியாக நகல் எடுங்கள். முடியாவிட்டால் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். நகல் எடுத்தவுடன் கோப்பின் ஹேஷ் எண்ணைக் கணக்கிட்டுக் குறித்து வையுங்கள். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும் என்பதால் அது கோப்புக்குக் கைரேகை போன்றது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமும் மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழில் அந்த எண்ணைக் கேட்கிறது. யாரிடமிருந்து, எந்த நாளில், எந்தக் கருவியில் பெற்றோம், பிறகு யார் கைக்குப் போனது என்ற பதிவேடு கோப்போடு இருக்கட்டும். சமூக ஊடகத்தில் கிடைத்த காட்சிகளுக்கு 2020இல் வெளியான பெர்க்லி நெறிமுறையும், சித்திரவதைத் தழும்புகளை மருத்துவர் பதிவு செய்வதற்கு 1999இல் உருவான இஸ்தான்புல் நெறிமுறையும் வழிகாட்டும்.

ஐந்தாம் படி: அனுப்புதல்

ஒரே உறையில் எல்லாவற்றையும் போட்டு எல்லோருக்கும் அனுப்புவது பயனற்றது. காணாமல் ஆக்கப்பட்டவரின் விவரம் பணிக்குழுவின் படிவத்தில் போக வேண்டும். படிவத்தில் "காணாமல் போனார்" என்று எழுதாதீர்கள். தானாகப் போனவரைத் தேடுவதும், அரசின் ஆட்கள் கொண்டுபோய் மறைத்தவரைக் கேட்பதும் வேறு வேறு. இப்படிப்பட்டவர்களைத் தேடுவதற்கென இலங்கை அரசு 2018இல் இயங்க வைத்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயரையே உறவினர்கள் ஏற்காமல் வாதிட்டதற்கு இந்த ஒரு சொல்தான் காரணம். கொலை, சித்திரவதை, மருத்துவமனை மீதான தாக்குதல் போன்றவை மனித உரிமை ஆணையர் அலுவலகத்தின் இலங்கை பொறுப்புக்கூறல் திட்டத்துக்குப் போகலாம். முதலில் சுருக்கம் மட்டும் அனுப்பி, பாதுகாப்பாக அனுப்பும் முறையை அவர்கள் சொன்ன பிறகு முழு வாக்குமூலத்தை அனுப்புங்கள். மொழிபெயர்ப்பை அனுப்பினால் தமிழ் மூலத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.

ஒரே சாட்சியிடம் நான்கு அமைப்புகள் நான்கு முறை கேட்டு எழுதினால், நான்கிலும் சிறு சிறு வேறுபாடு வரத்தான் செய்யும். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அது விருந்து. வேறு யாரிடமாவது முன்பே சொல்லியிருக்கிறாரா என்று முதலிலேயே கேட்டு எழுதுங்கள். சொல்லியிருந்தால் அந்தப் பிரதியைத் தேடுங்கள்.

ஆறாம் படி: அனுப்பிய பிறகு

அனுப்பிய தேதி, கிடைத்த பதிவெண் இரண்டையும் ஒரு சீட்டில் எழுதிச் சாட்சியின் கையில் கொடுங்கள். பதில் வராவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை போய், பதில் வரவில்லை என்று சொல்லிவிட்டு வாருங்கள். யாழ்ப்பாணத்தில் செம்மணிச் சித்துப்பாத்தி மயானத்தில் 2025இல் தோண்டியபோது 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அப்படியொரு செய்தி தொலைக்காட்சியில் ஓடும் வாரத்தில் முகாமுக்குப் போகாமல் இருக்காதீர்கள். நீங்கள் எழுதிய பெயர்களில் ஒன்று அங்கே இருக்குமோ என்று உங்களிடம்தான் கேட்பார்கள்.

தொலைபேசி எண் மாறியதையும், வேறு முகாமுக்குப் போனதையும், தாயகம் திரும்பியதையும் பதிவேட்டில் குறியுங்கள். சாட்சி காலமாகிவிட்டால் பெயரை அடித்துவிடாதீர்கள். இறந்த தேதியைப் பக்கத்தில் எழுதி, சம்மதத் தாளின் கடைசிக் கேள்விக்கு அவர் என்ன பதில் சொல்லியிருந்தார் என்று பார்த்து, அந்தத் தாளை உறையின் மேலே வைத்து ஒட்டுங்கள்.